கிங்ஸ்பரி மைக் செட்

லண்டனுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கிங்ஸ்பரியில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து பப் எங்கே என்று விசாரித்தேன். கல்லாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் பேச ஆரம்பித்தவர், கேள்வியைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“காலமையே பப் தேடுறியளோ தம்பி?”

“ஐயோ, குடிக்கறதுக்கு இல்லண்ணா. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்னு ஒண்ணு இருந்துச்சாம். எழுபதுகள்ல அதை ஒட்டி ஒரு டிஸ்கோ நடந்துச்சு. அது இருந்த இடத்தைப் பார்க்கலாம்னு வந்தேன்.”

“நான் வந்தது தொண்ணூற்றெட்டில. அதுக்கு முன்னம் நடந்ததெண்டா வெள்ளைக்காரரைத்தான் கேக்கோணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லாத டிஸ்கோவைப் பாக்கவோ வந்தனீங்கள்?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வடமேற்கு லண்டனின் ஓரத்தில், குஜராத்திக் கடைகளும் நம்மவர் கடைகளும் வரிசை கட்டி நிற்கும் அந்தச் சாலையில் நின்றபடி, இங்கேதான் ஹெவி மெட்டல் என்கிற இடிமுழக்க ராக் இசையின் தலையெழுத்து மாறியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மாறியது இங்கேதான். அதுவும் மேடையேறி யாரோ வாசித்ததால் மாறவில்லை. ஒருவர் ரெக்கார்டு போட்டார், வந்தவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த டிஸ்கோவின் பெயர் பேண்ட்வேகன். பப்பை ஒட்டிய ஒரு கூடம். 1975-இல் நீல் கே என்ற டிஸ்க் ஜாக்கி அங்கே வந்து சேர்ந்தார். அவருக்குப் பிடித்தது ஹார்ட் ராக்கும் ஹெவி மெட்டலும்தான். டிஸ்கோ என்றால் நடனப் பாட்டு என்றிருந்த காலத்தில், மெட்டலை மட்டுமே போடும் ஒரு டிஸ்கோவை நடத்தினால் எப்படி இருக்கும் என்பது அவர் எண்ணம். பழைய பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘ஹெவி மெட்டல் சவுண்ட்ஹவுஸ்’ என்ற புதுப் பெயரும் வந்தது. ஒலிபெருக்கிகளைப் பொறுத்தவரை அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை. கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சுக்கூட்டில் என்ன அதிருமோ, அது ரெக்கார்டைப் போட்டாலும் அதிர வேண்டும். சவுண்ட்ஹவுஸ் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நீல் கே ஏற்கெனவே தெரிந்த ஆள் போலத் தோன்றியதற்குக் காரணம் என் மாமா.

மாமா கோவில்பட்டியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். கூடவே கல்யாணம், கோவில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டினால் ரெண்டு ஊர் தள்ளிக் கேட்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். கடையில் வேலை வேறு மாதிரி. ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏ பக்கம் இத்தனை, பி பக்கம் இத்தனை. நாலு நாளில் வந்து வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டுகளை மாமா ஒரு கம்பியில் குத்தி வைப்பார். வாரக் கடைசியில் அந்தக் கம்பியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வாரம் ஊரு எதுல கெடக்குன்னு தெரிஞ்சு போச்சு” என்பார். எந்தப் படம் ஓடும், எந்த இசையமைப்பாளருக்கு இறங்குமுகம் என்பதெல்லாம் அந்தக் கம்பியிலிருந்து அவர் சொல்லும் ஜோசியம். பெரும்பாலும் பலிக்கும்.

நீல் கேயும் ஒரு கம்பி வைத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். கூடத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து, அதிலிருந்து ஒரு தரவரிசைப் பட்டியல் தயாரித்தார். அது ‘சவுண்ட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையில் அச்சாகத் தொடங்கியது. மற்ற பட்டியல்கள் எல்லாம் கடையில் எத்தனை ரெக்கார்டு விற்றது என்று பார்க்கும். இது மட்டும் ஒரு கூடத்தில் இருந்த ஆட்கள் எதைக் கேட்டார்கள் என்று பார்த்தது. இந்தச் சின்ன வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்து நிலவரத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1976, 77-இல் லண்டன் முழுக்கப் பங்க் ராக் அலை. நீளமுடியும் நீளமான கிட்டார் தனியாவர்த்தனமும் கிழவர்கள் சமாச்சாரம் என்று பத்திரிகைகள் எழுதின. ஹார்ட் ராக் குழுவான டீப் பர்ப்பிள் 1976-இல் கலைந்துவிட்டது. ரெக்கார்டு கம்பெனிகள் பங்க் குழுக்களைத் தேடி அலைந்தன. ஆனால் கேட்கிறவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஜீன்ஸ் ஜாக்கெட்டில் குழுக்களின் பெயர்களைத் தைத்துக்கொண்டு, தங்களைப் பற்றி யாரும் எழுதாத பத்திரிகைகளை வாங்கிப் படித்துக்கொண்டு அப்படியேதான் இருந்தார்கள். அவர்கள் ஒன்றுகூட ஓர் இடம்தான் இல்லை. அதில் ஒரு பங்கு ரயிலேறிக் கிங்ஸ்பரிக்கு வந்து சேர்ந்தது.

1978 ஆகஸ்டில் சவுண்ட்ஸ் பத்திரிகையின் நிருபர் ஜெஃப் பார்ட்டன் இந்தக் கூடத்தைப் பார்க்க வந்தார். மெட்டல் ரசிகர்தான், என்றாலும் ரெக்கார்டு போட்டுக் கேட்கிற இடத்தில் என்ன பெரிதாக இருந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் பார்த்தது ஒரு தனி உலகம். பாட்டு தொடங்கியதும் கூட்டம் தலையை ஆட்டுகிறது. சிலர் கையில் கிட்டார். கிட்டார் என்றால் நிஜக் கிட்டார் இல்லை, பலகையை அறுத்துச் செய்த பொம்மைக் கிட்டார். கம்பி கிடையாது, சத்தமும் கிடையாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் ஆல்பர்ட் ஹாலில் வாசிப்பவர் தோற்றார்.

இந்தப் பலகைக் கிட்டார் கோஷ்டியின் தலைவர் ராப் லூன்ஹவுஸ் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். பட்டப்பெயரைத் தமிழாக்கினால் ‘கிறுக்கு வீட்டு ராப்’ என்று வரும். 1980-இல் லண்டன் தொலைக்காட்சி எடுத்த ஒரு விவரண நிகழ்ச்சியில் சவுண்ட்ஹவுஸ் ஆட்களைப் பார்க்கலாம். பலகைக் கிட்டாரும் உண்டு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நானும் சிரித்தேன். இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கொடையில் மாமாவின் ஸ்பீக்கருக்கு முன்னால் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு ஆடிய பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அதில் நானும் ஒருவன்.

சரி, அயர்ன் மெய்டனுக்கு வருவோம்.

1978 டிசம்பர் 30, 31. கிழக்கு லண்டனைச் சேர்ந்த, அப்போது பெயர் பெறாத அயர்ன் மெய்டன் என்ற குழு கேம்பிரிட்ஜில் ஸ்பேஸ்வார்டு என்ற ஸ்டுடியோவில் நாலு பாட்டுப் பதிவு செய்கிறது. பேஸ் கிட்டார் ஸ்டீவ் ஹாரிஸ், கிட்டார் டேவ் மரே, டிரம்ஸ் டக் சாம்ப்சன், பாட வந்து சில வாரங்களே ஆன பால் டியானோ. செலவு சுமார் 200 பவுண்ட். மாஸ்டர் டேப்பை, அதாவது மூலப் பதிவு நாடாவை, வாங்கிக்கொள்ள இன்னும் 50 பவுண்ட் ஆகும். கையில் காசில்லை. கேசட் பிரதியோடு திரும்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பணம் புரட்டிக்கொண்டு போனால், மாஸ்டர் டேப்பை அழித்து வேறு யாருக்கோ உபயோகித்து முடிந்திருந்தது. மறுபடி கலந்து மெருகேற்றலாம் என்று வைத்திருந்த திட்டம் அத்தோடு போயிற்று. அந்தப் பிரதிதான் மிச்சம்.

அந்தப் பிரதிகளில் ஒன்றைக் கொண்டுபோய் நீல் கேயிடம் கொடுத்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஒன்றும் பெரிதில்லை. வாசிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்குமா என்பதுதான். நீல் கேயிடம் அப்படித் தினமும் வருகிற கேசட்டுகள் ஒரு குவியல் இருந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டவர் அசந்துபோனார். ஸ்டீவ் ஹாரிஸைக் கூப்பிட்டு, உங்களிடம் இருப்பது பணம் கொட்டப்போகிற சரக்கு என்கிற மாதிரி சொன்னார். ஹாரிஸுக்குச் சிரிப்புத்தான் வந்ததாம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நீல் கே அந்தக் கேசட்டைச் சவுண்ட்ஹவுஸில் போட ஆரம்பித்தார். லெட் செப்பலினும் ஜூடாஸ் பிரீஸ்ட்டும் ஒலிக்கிற அதே ஸ்பீக்கரில், எந்தக் கம்பெனியும் வெளியிடாத ஒரு குழுவின் கேசட். கூட்டம் மறுபடி போடச் சொல்லிக் கேட்டது. கேட்டதெல்லாம் பட்டியலில் ஏறியது. 1979-இல், ‘பிரவ்லர்’ என்ற பாட்டு சவுண்ட்ஸ் பத்திரிகையில் அச்சான அந்தப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

இப்போது அந்த வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். விற்பனைப் பட்டியலில் இந்தப் பாட்டு வரவே முடியாது, ஏனென்றால் அது விற்பனைக்கே வரவில்லை. இங்கிலாந்து முழுக்கச் சவுண்ட்ஸ் படிக்கிற பையன்கள் முதல் இடத்தில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் கையை விரிக்கிறார். இதைவிடப் பெரிய விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்துச் செய்திருக்க முடியாது.

கடைசியில் குழுவே ரெக்கார்டு போட்டது. நாலில் மூன்று பாட்டு. பதிவின் தரம் சரியில்லை என்று ஒன்றை விட்டுவிட்டார்கள். 1979 நவம்பர் 9 அன்று வந்தது, 5,000 பிரதிகள், தபாலில் மட்டும். முதல் வாரத்திலேயே 3,000 போய்விட்டது. அதன் பெயர் ‘தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’. உறையின் பின்பக்கக் குறிப்பை எழுதியவர் நீல் கே. ஒரு குழு தன் முதல் ரெக்கார்டுக்குக் காதலி பெயரை வைக்கலாம், ஊர் பெயரை வைக்கலாம். ரெக்கார்டு போட்டுக் கேட்ட கூடத்தின் பெயரை வைத்தது எனக்குத் தெரிந்து இவர்கள்தான். அடுத்த மாதமே இ.எம்.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தம். 1980 ஏப்ரலில் முதல் ஆல்பம், இங்கிலாந்துப் பட்டியலில் நாலாம் இடம்.

இதற்கு நடுவே 1979 மே 8 அன்று கேம்டனில் மியூசிக் மெஷின் அரங்கத்தில் ஒரு கச்சேரி நடந்தது. இன்றைக்குக் கோகோ என்று அழைக்கப்படும் அதே அரங்கம். ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் என்று மூன்று குழுக்கள். அதைப் பற்றி ஜெஃப் பார்ட்டன் எழுதிய விமர்சனத்தோடுதான் ‘நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல்’ என்ற நீட்டமான பெயர் அச்சுக்கு வந்தது. பெயர் வைத்தவர் சவுண்ட்ஸ் ஆசிரியர் ஆலன் லூயிஸ். ‘புது அலை’ என்பது பங்க்காரர்கள் பக்கத்தில் புழங்கிய சொல். மெட்டலைக் குழிதோண்டிப் புதைத்தவர்களின் சொல்லையே எடுத்து அதன் தலையில் கிரீடமாக வைத்த குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்று மேடையேறிய சாம்சன் குழுவில் கொஞ்ச நாள் கழித்துப் பாடகராகச் சேர்ந்த ஒருவர், 1981-இல் அயர்ன் மெய்டனுக்கு மாறினார். புரூஸ் டிக்கின்சன். மிச்சக் கதை உலகத்துக்கே தெரியும்.

1980 தொடக்கத்தில் இ.எம்.ஐ. ‘மெட்டல் ஃபார் மூதாஸ்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர் நீல் கே. அதில் அயர்ன் மெய்டனுக்கு இரண்டு பாட்டு. மற்றவர்களில் ‘டோட் த வெட் ஸ்பிராக்கெட்’ என்றும் ‘எத்தல் த ஃப்ராக்’ என்றும் இரண்டு குழுக்கள் உண்டு. ஒன்று தேரை, ஒன்று தவளை. இரண்டுமே மான்ட்டி பைதான் கோஷ்டிக்காரர்களின் நகைச்சுவையிலிருந்து எடுத்த பெயர்கள். சாத்தானையும் சவப்பெட்டியையும் பற்றிப் பாடுகிற கூட்டம் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இந்த இரண்டு பெயர்களைத்தான் சொல்வது.

எல்லாம் கிங்ஸ்பரியில்தான் நடந்தது என்று சாதிக்க எனக்கு ஆசை, ஆனால் அது உண்மையில்லை. டெஃப் லெப்பர்ட் ஷெஃபீல்டில் தாங்களே ரெக்கார்டு போட்டார்கள். சாக்ஸன் பார்ன்ஸ்லி, டயமண்ட் ஹெட் ஸ்டவர்பிரிட்ஜ். இவர்கள் எல்லாம் பேண்ட்வேகன் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். 1978 நவம்பரில் பி.பி.சி. ரேடியோ 1-இல் டாமி வான்ஸின் வெள்ளிக்கிழமை ராக் நிகழ்ச்சி தொடங்கியதும் பெரிய காரணம். ஆனால் இத்தனை பேரும் சிதறிக் கிடந்த நேரத்தில், இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது, அது என்ன கேட்கிறது பாருங்கள் என்று வாராவாரம் அச்சில் காட்டியது அந்தப் பட்டியல்தான். 1981-இல் சவுண்ட்ஸ் பத்திரிகையின் இணைப்பாக ‘கெர்ராங்’ வந்தது, ஆசிரியர் அதே ஜெஃப் பார்ட்டன். அதே வருடம் லார்ஸ் உல்ரிக் என்ற டென்மார்க் பையன் டயமண்ட் ஹெட்டைப் பார்ப்பதற்காகவே அமெரிக்காவிலிருந்து விமானமேறி வந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கி, திரும்பிப் போய் மெட்டாலிக்கா குழுவைத் தொடங்கினார். 

நான் மெட்டலுக்குள் விழுந்த கதை இவ்வளவு கௌரவமானது இல்லை. மாமா கடையில் ஒரு செருப்பு டப்பா இருந்தது. பதிவு செய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கேசட்டுகள் அதில் கிடக்கும். மூன்று மாசம் பார்ப்பார். வரவில்லை என்றால் அழித்து வேறு பாட்டு ஏற்றிவிடுவார். பத்தாவது படிக்கும்போது, அழிப்பதற்கு முன் அந்த டப்பாவை ஒருமுறை துழாவுவது எனக்குப் பொழுதுபோக்கு. அதில் ஒரு கேசட் வித்தியாசமாக இருந்தது. எந்த இன்ஜினியரிங் காலேஜ் அண்ணனோ மூலப் பிரதியைக் கொடுத்து இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். மூலத்தை வாங்கிப்போனவர் பிரதியை மறந்துவிட்டார். அட்டையில் மாமாவின் கையெழுத்தில் ‘இங்கிலீஷ் - இரும்பு’ என்று மட்டும் இருந்தது. அயர்ன் தெரிந்திருக்கிறது, மெய்டன் என்றால் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை போல. முதல்முறை கேட்டபோது டேப் ரெக்கார்டரில் நாடா சிக்கிவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் முறைதான் அது வேகம் என்று புரிந்தது.

2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதன்முறையாக வாசித்தது. சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் நாங்கள் ஏழு பேர் போனோம். அன்றைக்குப் பார்த்ததை எழுத உட்கார்ந்தால் இந்தக் கட்டுரை முடியாது. ஒன்று மட்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பையன் பெல்ட்டைக் கழற்றிக் கிட்டாராகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு சுரம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். பேன்ட் இறங்கிக்கொண்டே வந்தது. அவன் கவலைப்படவில்லை. கிங்ஸ்பரி லூன்ஹவுஸின் பங்காளி.

முறுக்கைத் தின்று முடித்துவிட்டு, அன்றைக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். 1978-இல் இங்கே வந்த ரசிகர்கள் பேக்கர்லூ லைனில் வந்திருப்பார்கள். மியூசிக் மெஷின் கச்சேரிக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1979 மே 1 அன்று, இந்தத் தடம் ஜூபிலி லைனாக மாறியது. இப்போது அதே ரயிலில் உட்கார்ந்தால் மறுகோடியில் ஸ்டிராட்ஃபோர்டில் இறக்கிவிடும். அயர்ன் மெய்டன் ஆரம்ப நாட்களில் வாசித்த கார்ட் அண்டு ஹார்சஸ் பப் அங்கிருந்து நடக்கிற தூரம். அன்றைக்கு அந்தப் பையன்கள் ஊரைக் குறுக்காகக் கடந்து கேசட் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு ஒரே டிக்கெட்.

ஸ்டிராட்ஃபோர்டில் இறங்கி ஈஸ்ட் ஹாம் போனேன். அவர்களுடைய இன்னொரு கோட்டையான ரஸ்கின் ஆர்ம்ஸ், ஹை ஸ்டிரீட் நார்த்தில்தான் இருந்தது. லண்டன் தமிழர்களுக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மகாலட்சுமி கோவில், சரவண பவன், நகைக்கடை, புடவைக்கடை, வெற்றிலைகூடக் கிடைக்கும். அங்கே இன்று மெட்டல் கச்சேரியெல்லாம் கிடையாது. ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். கடையை மூடிப் பல வருடம் ஆகிறது, இப்போது காதும் கொஞ்சம் மந்தம். ஆயுள் முழுக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றதற்கு அதுதான் பென்ஷன் என்பார்.

நீல் கே கதையைச் சத்தமாகச் சொன்னேன். ஹோட்டலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்ட பாட்டைக் கணக்கெடுத்த விஷயத்தைச் சொன்னதும், “அதான்ல முறை” என்றார். வேறெதுவும் அவரை அசைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் ஸ்டுடியோவில் மாஸ்டர் டேப்பை அழித்துவிட்டார்கள் என்றபோதுதான் மறுமுனையில் பேச்சு நின்றது.

“மாமா? லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேன், இருக்கேன். எத்தன நாள்ல அழிச்சானாம்?”

“ரெண்டு வாரம் மாமா.”

“ரெண்டே வாரமா? நான் மூணு மாசம்லா வெச்சிருப்பேன்.”